ஆறு ஷில்லிங் கொடுத்து எந்த முயல் வாங்கும்? ஒரு குழந்தைப் புத்தகம் உருவான விதம்

ஆங்கிலக் குழந்தை எழுத்தாளரும் ஓவியருமான பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதை நமக்கு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. முதலாவது, 1893 செப்டம்பர் 4ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டன்கெல்டிலிருந்து அவர் எழுதிய கடிதம். அவருக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆனி மூரின் மகன் நோயல், ஐந்து வயதுப் பையன், உடம்பு முடியாமல் படுத்திருந்தான். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நான்கு முயல் குட்டிகளின் கதையைச் சொல்கிறேன் என்று கடிதம் ஆரம்பிக்கிறது. இரண்டாவது, 1902 அக்டோபரில் லண்டன் ஃபிரடரிக் வார்ன் நிறுவனம் வெளியிட்ட 'தி டேல் ஆஃப் பீட்டர் ராபிட்'. நடுவே ஒன்பது வருஷம்.

குழந்தைகளுக்கு எழுத நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை படித்துவிட வேண்டும். கதை அதேதான். ஆனால் எது கூடியது, எது கழிந்தது, எந்தப் பக்கத்தில் எந்தப் படம், புத்தகம் எத்தனை அங்குலம், விலை என்ன என்று ஒவ்வொன்றிலும் பாட்டரின் கை இருக்கிறது. குழந்தைப் புத்தகத்தில் இவையெல்லாம் எழுத்தின் பகுதி, அச்சகத்தார் பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஒதுக்க முடியாது என்பதுதான் இந்த ஆய்வில் நாங்கள் காட்ட விரும்புவது. பாட்டர் பிறரை நம்பி விட்ட ஓர் இடத்தில் வந்த நஷ்டம் கடைசிவரை தீரவில்லை. அதையும் பார்ப்போம்.

கடிதத்தில் இல்லாத நடுப்பகுதி

கடிதத்தில் கதை இப்படிப் போகிறது. தாய் முயல் பிள்ளைகளிடம் மெக்ரெகர் தோட்டத்துக்குள் போகாதீர்கள் என்கிறாள். பீட்டர் நேரே அங்கேதான் போகிறது. கீரை, அவரை, முள்ளங்கி என்று தின்று வயிறு ஒரு மாதிரி ஆகிறது. வெள்ளரிப் பாத்தி முனையில் மெக்ரெகர் எதிர்ப்படுகிறார். துரத்தல். ஒரு செருப்பு கோசுக்கு நடுவே விழுகிறது, இன்னொன்று உருளைக்கிழங்குக்கு நடுவே. வலையில் சட்டைப் பொத்தான் மாட்டுகிறது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவைக் கண்டுபிடித்து, அடியில் நுழைந்து வீட்டுக்கு ஓட்டம். மெக்ரெகர் அந்தச் சட்டையையும் செருப்பையும் பறவை விரட்டக் கட்டித் தொங்கவிடுகிறார். பீட்டருக்குக் கெமோமில் கஷாயம், மற்ற மூவருக்கும் ரொட்டி, பால், பழம்.

படுக்கையில் இருக்கும் ஒரு பையனுக்கு இது போதும். சொல்பவரையும் சொல்பவரின் முயலையும் அவனுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒரு குழந்தை கடையில் எடுத்துப் புரட்டும் புத்தகத்துக்கு இது பற்றாது. 1900இல் பாட்டர் நோயலிடம் அந்தக் கடிதத்தைத் திரும்பக் கேட்டார். பையன் பத்திரமாக வைத்திருந்தான். அதைப் பார்த்து ஒரு நோட்டில் கதையைப் புதிதாக எழுதி, நாற்பதுக்கு மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டார்.

அப்போது சேர்த்தவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஆரம்பத்திலேயே தாய் சொல்லும் காரணம்: உங்கள் அப்பாவுக்கு அங்கே ஒரு விபத்து நேர்ந்தது, மெக்ரெகர் வீட்டு அம்மாள் அவரைப் பணியாரத்துக்குள் வைத்துச் சமைத்துவிட்டாள். கடிதத்தில் 'போகாதே' மட்டும்தான் இருந்தது. புத்தகத்தில் 'ஏன்' வந்துவிட்டது. அதன் பிறகு மெக்ரெகர் தலையை நிமிர்த்தும்போது குழந்தைக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும். பயமுறுத்தும் சொல் எதுவும் அந்த வாக்கியத்தில் கிடையாது, கவனியுங்கள். 'விபத்து' என்று தாய் சொல்வது வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பேசும் அதே அடக்கமான தொனி. கொடூரத்தைக் குழந்தையின் வயதுக்குத் தக்க அளவில் சொல்ல, வாக்கியத்தின் குரலை இறக்கினாலே போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, புத்தகத்தின் பின்பாதி. வலையிலிருந்து தப்பிய பீட்டர் கடிதத்தில் நேரே கதவுக்குப் போகிறது. புத்தகத்தில் கருவிக் கொட்டகைக்குள் ஓடி, தண்ணீர் ஊற்றும் பூவாளிக்குள் குதிக்கிறது. ஒளிந்துகொள்ள அருமையான இடம்தான், உள்ளே அவ்வளவு தண்ணீர் இல்லாமல் இருந்திருந்தால் என்கிறார் கதைசொல்லி. மெக்ரெகர் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார். பீட்டர் தும்முகிறது. மெக்ரெகர் காலால் அமுக்கப் பார்க்க, ஜன்னல் வழியே மூன்று செடிகளைத் தள்ளிவிட்டு வெளியே பாய்கிறது. ஜன்னல் மெக்ரெகருக்குச் சிறியது, ஓடியும் களைத்துவிட்டது, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

இங்கேதான் கதை உயரம் தொடுகிறது. துரத்துபவர் போய்விட்டார், ஆனாலும் பீட்டருக்கு வழி தெரியவில்லை. சுவரில் ஒரு கதவு, பூட்டியிருக்கிறது, அடியில் நுழைய இடமில்லை. ஒரு கிழ எலி தன் குடும்பத்துக்குப் பட்டாணி சுமந்து போய்க்கொண்டிருக்கிறது. வழி கேட்டால் வாயில் அவ்வளவு பெரிய பட்டாணி, பதில் சொல்ல முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறது. பீட்டர் அழ ஆரம்பிக்கிறது. அடுத்து குளத்தருகே ஒரு வெள்ளைப் பூனை அசையாமல் தங்கமீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வால் நுனி மட்டும் எப்போதாவது துடிக்கிறது. பீட்டர் எதுவும் பேசாமல் நகர்ந்துவிடுகிறது.

இந்த இரண்டு காட்சியிலும் ஓட்டமே கிடையாது. முதல் பாதி முழுக்க ஓட்டமாக இருந்ததால்தான் இந்த நிசப்தம் கனக்கிறது. நம்மிடம் வரும் கைப்பிரதிகளில் அதிகம் காணும் குறை இதற்கு நேர்மாறானது: ஆபத்து, தப்பித்தல், மறுபடி ஆபத்து, மறுபடி தப்பித்தல் என்று ஒரே வேகத்தில் போகும். குழந்தைக்கு மூன்றாவது ஆபத்தில் சலிப்பு வந்துவிடும். சத்தத்துக்குப் பிறகு மௌனம், கூட்டத்துக்குப் பிறகு தனிமை, எதிரிக்குப் பிறகு உதவ முடியாத நல்லவர் என்று வகை மாற வேண்டும். அந்த எலி கெட்டது இல்லை, வாயில் பட்டாணி இருக்கிறது, அவ்வளவுதான். தொலைந்துபோன குழந்தைக்குப் பெரியவர்கள் எப்படித் தெரிவார்கள் என்பதை அந்த ஒரு பட்டாணி காட்டிவிடுகிறது.

வலையும் பொத்தானும்: படத்துக்கும் எழுத்துக்கும் வேலைப் பிரிவினை

பாட்டர் படத்தையும் எழுத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தார். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வாக்கியம், எதிர்ப்பக்கத்தில் ஒரு படம். மொத்தம் ஆயிரம் சொல்லுக்குக் கொஞ்சம் குறைவு, சராசரியாக ஒரு பக்கத்துக்கு 35 சொல் வரும்.

வலை வரும் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். செருப்பு போனதும் நான்கு காலால் ஓடிய பீட்டர் தப்பித்திருக்கும், ஆனால் நெல்லிச் செடிமேல் போட்ட வலையில் சட்டையின் பெரிய பொத்தான்கள் மாட்டிக்கொண்டன என்கிறது எழுத்து. கூடவே ஒரு வாக்கியம்: அது நீலச் சட்டை, பித்தளைப் பொத்தான், புத்தம் புதுசு. ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது சட்டையை விவரிக்க உட்காருகிறார். அனுபவமில்லாத ஆசிரியர் இதை வெட்டிவிடுவார். ஆனால் புதுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பயம் குழந்தைக்கு உயிர்ப் பயத்துக்குக் குறைந்ததில்லை. கடைசியில் தாய், இரண்டு வாரத்தில் இது இரண்டாவது சட்டை, இரண்டாவது ஜோடி செருப்பு என்று யோசிக்கும்போது இந்த வாக்கியம் திரும்பி வந்து சேருகிறது.

அடுத்த பக்கம்: பீட்டர் நம்பிக்கை இழந்து அழ, குருவிகள் பறந்து வந்து இன்னும் முயன்று பார் என்று மன்றாடுகின்றன. மூலத்தில் இந்த இடத்தில் பாட்டர் போட்டிருக்கும் சொற்கள் பெரியவர்களின் சொற்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்காது. குருவிகள் பதறிக்கொண்டு பறப்பதைப் படம் காட்டிவிடுவதால் பொருள் புரிந்துவிடுகிறது, சொல்லும் வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழிலும் 'மன்றாடின' என்று தைரியமாக எழுதலாம். 'கெஞ்சிக் கேட்டன' என்று தண்ணீர் விட வேண்டாம். ஒரு விரிபக்கத்துக்கு, அதாவது எதிரெதிரான இரண்டு பக்கத்துக்கு, ஒரு கடினச் சொல், அதைச் சுமக்க ஒரு படம், சுற்றிலும் எளிய சொற்கள். இந்த விகிதம் தாங்கும். ஒரே பக்கத்தில் மூன்று கடினச் சொல் வந்தால் படித்துக் காட்டும் தாயே நிறுத்தி விளக்க ஆரம்பித்துவிடுவார், கதை அங்கே அறுந்துபோகும்.

படம் காட்டுவதை எழுத்து திரும்பச் சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டை நீலம் என்று எழுத்தில் வருகிறதே என்று கேட்கலாம். முதல் பிரதியில் படங்கள் கறுப்பு வெள்ளை, நிறத்தை எழுத்துதான் சொல்லியாக வேண்டும். வண்ணப் பதிப்பிலும் அந்த வாக்கியத்தை அவர் எடுக்கவில்லை, 'புத்தம் புதுசு' என்பதைப் படத்தால் சொல்ல முடியாது என்பதால் அது சரியே. எங்கள் கைப்பிரதிச் சோதனை இதுதான்: படம் வரைந்து முடித்ததும் எழுத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் கையால் மறைத்துப் பாருங்கள். மறைத்தும் எதுவும் குறையவில்லை என்றால் அந்த வாக்கியம் போகலாம். வழக்கமாக ஐந்தில் ஒரு பங்கு எழுத்து இந்தச் சோதனையில் உதிர்ந்துவிடும்.

அளவும் விலையும்

நோட்டுப் பிரதியைக் குறைந்தது ஆறு பதிப்பகங்கள் மறுத்தன. கதை பிடிக்காமல் மறுத்தவர்களைவிட வடிவம் பிடிக்காமல் மறுத்தவர்கள் அதிகம் என்று தெரிகிறது. சிலருக்குப் பெரிய புத்தகம் வேண்டும், சிலருக்கு வண்ணப் படம் வேண்டும், பாட்டாக இருக்க வேண்டும் என்றும் ஒரு விருப்பம். 1900 மார்ச்சில் நோயலின் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் பாட்டர் தன் நிலையைச் சொல்லியிருக்கிறார்: ஆறு ஷில்லிங்கில் ஒரு பெரிய புத்தகம் போடுவதைவிட ஒரு ஷில்லிங் வீதம் இரண்டு மூன்று சின்னப் புத்தகம் போடலாம், ஏனென்றால் சின்ன முயல்களால் ஒரு புத்தகத்துக்கு ஆறு ஷில்லிங் கொடுக்க முடியாது.

விளையாட்டாகச் சொன்னது போலிருக்கும், உள்ளே இருப்பது சரியான வியாபாரக் கணக்கு. பிறந்தநாள் பரிசாக வருஷத்துக்கு ஒருமுறை வாங்கும் புத்தகம் வேறு, கடைக்குப் போன இடத்தில் பிள்ளை கேட்டதும் வாங்கிக் கொடுக்கும் புத்தகம் வேறு. இரண்டாவது வகை கைக்கடக்கமாக, விலை யோசிக்க வைக்காததாக இருக்க வேண்டும். அதோடு அது தொடராக நீள வேண்டும்.

யாரும் ஒத்துக்கொள்ளாததால் பாட்டர் சொந்தக் காசில் அச்சிட்டார். 1901 டிசம்பர் 16ஆம் தேதி 250 பிரதி வந்தது. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள், முகப்பில் மட்டும் தாய் முயல் கஷாயம் கொடுக்கும் ஒரு வண்ணப் படம். தெரிந்தவர்களுக்குக் கொடுத்தது போக மீதியை ஒரு ஷில்லிங் இரண்டு பென்னிக்கு விற்றார். தீர்ந்துபோய் 1902 பிப்ரவரியில் இன்னும் 200 அச்சிட்டார். தன் பிள்ளைகளுக்காக வாங்கியவர்களில் ஆர்தர் கோனன் டாயிலும் ஒருவர்.

மறுத்த பதிப்பகத்துக்கு நோட்டுப் பிரதியைக் காட்டுவதும், கையில் புத்தகத்தைக் கொடுப்பதும் ஒன்றாகாது. இதற்கிடையில் குடும்ப நண்பரான கேனன் ரான்ஸ்லி, கதையை எதுகை வைத்துப் பாட்டாக எழுதி வார்னுக்கு அனுப்பிப் பார்த்தார். வார்ன் பாட்டரின் எளிய உரைநடையே நன்றாக இருக்கிறது என்று அதைத் தேர்ந்தெடுத்தது. குழந்தை என்றாலே சந்தம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. நல்ல சந்தம் வருபவருக்குச் சரி. எதுகைக்காக வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால், படித்துக் காட்டுபவரின் நாக்கு தடுக்கும், கதை தள்ளாடும்.

வார்ன் வைத்த நிபந்தனை ஒன்றே: எல்லாப் படமும் வண்ணத்தில் வேண்டும். பாட்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. செலவு கூடும், தவிர முயல் பழுப்பு, தோட்டம் பச்சை, இதில் வண்ணம் போட என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். அந்த இடத்தில் வார்ன் சொன்னதுதான் சரி. வண்ணத்துக்காகப் படங்களின் எண்ணிக்கையை நாற்பத்திச் சொச்சத்திலிருந்து முப்பத்திச் சொச்சமாகக் குறைத்தார்கள், விலை ஒரு ஷில்லிங்கிலேயே நின்றது, துணி அட்டைக்கு ஒன்றரை ஷில்லிங். புத்தகம் ஐந்தரை அங்குல உயரம், நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம். முதல் அச்சு 8,000 பிரதி, வெளியாகும் முன்பே முன்பதிவில் தீர்ந்தது. வருஷ முடிவில் 28,000 பிரதி. ஒரு வருஷத்தில் 56,470.

மூன்று தகடு, ஒரு மீசை

இந்தப் புத்தகத்தின் வண்ண அச்சு மூவண்ண முறையில் ஆனது. ஒரு நீர்வண்ண ஓவியத்தை மூன்று வடிகண்ணாடிகள் வழியே மூன்று தடவை புகைப்படம் எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலத்துக்குத் தனித்தனித் தகடு செய்து, அதே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். முயலின் பழுப்பு எந்த மையிலும் கிடையாது. மூன்று வண்ணப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகிறது. ஒரு தகடு அரை மில்லிமீட்டர் விலகினால் மீசை இரண்டாகும், கண்ணோரத்தில் சிவப்புக் கோடு தெரியும். புள்ளிகள் கூர்மையாக விழ வழுவழுப்பான தாள் வேண்டும்.

இன்றைய ஆஃப்செட்டிலும் அடிப்படை அதுவே, கறுப்பு நான்காவதாகச் சேர்ந்திருக்கிறது. கெட்டுப்போகும் இடங்களும் அதேதான். திரையில் பளிச்சென்று தெரியும் பழுப்பு, பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை உறிஞ்சப்பட்டுச் சேற்று நிறமாகிவிடும். பழுப்பில் கறுப்பு மையைக் குறைத்து, மஞ்சளையும் சிவப்பையும் கொண்டே அதைக் கட்ட வேண்டும். எழுத்தை நான்கு வண்ணக் கலவையில் அடிக்கக் கூடாது, கறுப்பு ஒன்றில்தான் அடிக்க வேண்டும். இல்லையென்றால் சிறு விலகலுக்கே 'ஞ', 'ண' போன்ற சுழி எழுத்துகள் கலங்கித் தெரியும். படிக்கப் பழகும் குழந்தைக்கு அது பெரிய தொல்லை. முழு அச்சுக்கு முன் இரண்டு பக்கத்தையாவது அதே தாளில் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

1903இல் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டும் தாளில் வண்ணப் படம் போட வார்ன் முடிவு செய்தது. பக்கக் கணக்கு இடிக்க, உள்ளே நான்கு படங்களை எடுத்தார்கள். மெக்ரெகர் அம்மாள் பணியாரத்தோடு நிற்கும் படம் அதில் ஒன்று. பாட்டருக்கு விலங்கு வந்த அளவு மனித உருவம் வரவில்லை, அந்தப் படம் போனதில் இழப்பில்லை. எழுத்தில் 'விபத்து' மட்டும் நின்றது, அதுவே அதிக வலிமை. உட்தாளில் மற்றப் புத்தகங்களின் பாத்திரங்களும் வந்ததால், ஒன்றை வாங்கிய வீட்டில் அடுத்ததைக் கேட்க ஆள் இருந்தது.

பதிவு செய்யாத உரிமை

அமெரிக்காவில் 1891ஆம் வருஷச் சட்டப்படி வெளிநாட்டுப் புத்தகத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அங்கேயே அச்சுக் கோத்திருக்க வேண்டும், பதிவும் செய்திருக்க வேண்டும். வார்னுக்கு நியூயார்க்கில் அலுவலகம் இருந்தும் இந்தப் புத்தகத்துக்கு அதைச் செய்யவில்லை. சீக்கிரமே ஃபிலடெல்பியாவில் ஒருவர் திருட்டுப் பதிப்பு போட, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அமெரிக்காவில் விற்ற அந்தப் பிரதிகளுக்கு பாட்டருக்கு ஒரு காசு வரவில்லை, பிறகு சரிசெய்யவும் வழியில்லை.

பொம்மை விஷயத்தில் அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1903இல் பீட்டர் பொம்மையைத் தானே தைத்தார், மீசைக்குத் தூரிகையிலிருந்து முடி பிடுங்கி வைத்தார், அந்த டிசம்பர் 28ஆம் தேதி பதிவு அலுவலகத்தில் பதிந்தும் விட்டார். பாத்திரத்தைப் புத்தகத்துக்கு வெளியே காப்பாற்ற வேண்டும் என்று அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட குழந்தை எழுத்தாளர்கள் அந்தக் காலத்தில் அபூர்வம்.

இன்னொரு அடியும் வந்தது. 1917இல் நிறுவனத்தை நடத்திய ஹெரால்ட் வார்ன் கள்ளக் கையெழுத்துக் குற்றத்தில் கைதானார், நிறுவனம் திவால் விளிம்புக்குப் போனது. பாட்டருக்கு வர வேண்டிய ராயல்டி அதற்குப் பல காலம் முன்பிருந்தே ஒழுங்காக வரவில்லை, கணக்கு கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த அவரே பழைய படங்களைக் கொண்டு புதுப் புத்தகம் கொடுத்தார்.

இதைத் தமிழில் செய்யும்போது

காப்புரிமைக்கு இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை, எழுதிய நொடியிலிருந்து உண்டு, எழுதியவர் ஆயுளுக்கும் அதன்பின் 60 வருஷத்துக்கும் நிற்கும். அமெரிக்காவும் 1989இல் நாடுகளுக்கிடையிலான காப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. ஆகவே பாட்டருக்கு நேர்ந்த அதே நஷ்டம் இன்று அப்படியே வராது, ஒப்பந்தத்தின் வழியாக வரும். 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று கொள்ளப்படும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 'எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒலிப்புத்தகம், அசைபடம், மொழிபெயர்ப்பு, பொம்மை இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை, கேட்டால் கணக்கைப் பார்க்கும் உரிமை, பிரதி தீர்ந்து குறிப்பிட்ட மாதங்களுக்குள் மறு அச்சு வராவிட்டால் உரிமை திரும்பும் என்ற வரி, மூன்றும் இருக்க வேண்டும்.

ராயல்டி எதன்மேல் என்பதையும் பார்க்க வேண்டும். புத்தக விலை 100 ரூபாய், ராயல்டி 10 சதவீதம், ஓவியரும் எழுத்தாளரும் பாதிப் பாதி என்று வையுங்கள். அச்சிட்ட விலைமேல் என்றால் ஆளுக்குப் பிரதிக்கு 5 ரூபாய், ஆயிரம் விற்றால் 5,000. விற்பனையாளருக்கு 40 சதவீதம் கழித்து வரும் தொகைமேல் என்றால் ஆளுக்கு 3 ரூபாய், ஆயிரத்துக்கு 3,000. ஒரே '10 சதவீதம்' இரண்டு தொகையாகிறது.

வடிவத்துக்கு வருவோம். ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 32 பக்கப் புத்தகம் இரண்டு ஃபாரத்தில் முடியும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போக கதைக்கு 26லிருந்து 28 பக்கம் மிஞ்சும், அதாவது 13 அல்லது 14 விரிபக்கம். கதையை முழுதாக எழுதிவிட்டு பிறகு வெட்டிப் பொருத்துவது கடினம். எட்டு தாளை நடுவில் மடித்து, நடுவில் தைத்து 32 பக்க டம்மி, அதாவது வெற்றுத் தாளில் ஒரு மாதிரிப் புத்தகம், செய்துகொண்டு, பக்க எண் போட்டு, ஒவ்வொரு விரிபக்கத்துக்கும் ஒரே ஒரு சம்பவத்தைப் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு சம்பவம் விழுந்த பக்கமும் எதுவும் நடக்காத பக்கமும் உடனே கண்ணில் படும். பாட்டரின் எலியும் பூனையும் போல அமைதியான பக்கம் குறைந்தது இரண்டு இருக்கட்டும், அதை மறந்துபோய் விட்ட பக்கத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சொல் கணக்கில் ஆங்கில அளவைத் தமிழுக்கு எடுத்துவரக் கூடாது. அங்கே 950 சொல்லில் வருவது இங்கே விகுதியும் வேற்றுமையும் ஒட்டிக்கொண்டு 600, 650இல் அடங்கும். சொல் குறைந்தாலும் பிடிக்கும் இடம் குறையாது. நான்கு அங்குல அகலப் பக்கத்தில் 16 பாயிண்ட் அளவு எழுத்தில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் உட்காரும். நீண்ட சொல் ஒன்று வந்தால் வரி பிய்ந்து வலது ஓரம் பல் விழுந்தது போல் ஆகும். அதனால் தமிழுக்கு ஏழு அங்குலத்துக்குக் குறையாத அகலம் வசதி, அல்லது வாக்கியத்தை வரி வரியாகப் பொருள் முடியும் இடத்தில் நாமே உடைக்க வேண்டும். தட்டச்சாளர் கையில் விடக் கூடாது.

பக்கம் திரும்பும் இடம் தமிழுக்கே உரிய சிக்கல். நம் வாக்கியத்தில் காரணம் முன்னால் வந்து வினை கடைசியில் முடியும். 'பூனை திரும்பிப் பார்த்ததால் பயந்துபோன குஞ்சு ஓடிப்போய்க் கூடைக்குள் ஒளிந்துகொண்டது' என்று எழுதினால் நான்கு சம்பவம் ஒரே மூச்சில் போய்விடும், பக்கம் திருப்ப ஒன்றுமே மிஞ்சாது. எச்சங்களை அறுத்துப் போடுங்கள். வலப்பக்கத்தின் கடைசி வரி: 'பூனை திரும்பிப் பார்த்தது.' பக்கத்தைத் திருப்பினால்: 'குஞ்சைக் காணோம்.' படத்தில் ஒரு கூடை, விளிம்பில் ஒரு மஞ்சள் இறகு. குஞ்சு எங்கே என்று குழந்தை விரலை வைத்துச் சொல்லும், எழுத்து சொல்லத் தேவையில்லை.

உரையாடல் பேச்சுத் தமிழில், கதைசொல்லும் குரல் எளிய எழுத்துத் தமிழில் என்பது பெரும்பாலும் சரியாக அமையும். 'வந்துவிட்டாயா?' என்று ஒரு அம்மா மகனைக் கேட்டால் குழந்தை காதில் அது பாடப் புத்தகமாக விழும். 'வந்துட்டியா?' என்று கேட்டால் வீடு. எந்த ஊர்ப் பேச்சு என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும்.

டம்மி தயாரானதும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் காட்டாதீர்கள், உங்களுக்காகவே அது ரசிக்கும். உங்களைத் தெரியாத நான்கைந்து பிள்ளைகளுக்கு வேறொருவர் படித்துக் காட்டட்டும். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து, எந்தப் பக்கத்தில் ஒரு கை நீண்டு தாளைத் திருப்பப் பார்க்கிறது, எந்தப் பக்கத்தில் கண் ஜன்னலுக்குப் போகிறது என்று எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கதை நன்றாக இருந்ததா என்று கேட்க வேண்டாம், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கண் ஜன்னலுக்குப் போன எண்கள் 14க்கும் 20க்கும் நடுவே குவிந்திருந்தால், பாட்டர் 1900இல் உட்கார்ந்து சேர்த்தது போல, நடுப்பகுதியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.